புதிதாக முளைத்த பல் மஞ்சளாக இருக்கிறதே?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மேலே இரண்டு முன்பற்கள் புதிதாக முளைத்திருக்கின்றன. பக்கத்துப் பால் பற்களைவிட மஞ்சளாகவும், விளிம்பு ரம்பம் போலவும் இருக்கின்றன. கரிப்பொடி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கரிப்பொடி வேண்டவே வேண்டாம். அந்த மஞ்சள் அழுக்கு அல்ல; பல்லின் உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் இயல்பான நிறம். மேலே போர்த்தியிருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. இப்போது முளைத்திருப்பது நிலைப்பல், அதாவது இனி விழாமல் நிலைக்க வேண்டிய பல். அதில் டென்டின் தடிமன் அதிகம், அதனால் மஞ்சள் வெளியே தெரிகிறது. பால் பல் பெயருக்கேற்ப வெளுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் வித்தியாசம் கண்ணில் உறுத்துகிறது.

ரம்ப விளிம்பும் நோயல்ல. முன்பல்லின் முனை மூன்று மேடுகளாக வளர்ந்து ஒன்றுசேர்கிறது. மேல், கீழ்ப் பற்கள் உரசத் தொடங்கியதும் அவை தானாகத் தேய்ந்துவிடும்.

கரிப்பொடியை இவ்வளவு அழுத்தி மறுக்கக் காரணம் உண்டு. இந்த முன்பற்களின் எனாமல், குழந்தை பிறந்த 3, 4 மாதத்திலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்கி 4, 5 வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதைக் கட்டிய அமெலோபிளாஸ்ட் செல்கள் பல் வெளியே வரும்போது அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதோடு, புதுப்பல்லின் எனாமல் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும், பேஸ்ட்டின் ஃபுளோரைடும் சேர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் அதை மெல்ல உறுதியாக்கும். ஆகவே ஃபுளோரைடு பேஸ்ட், மென்மையான பிரஷ், காலையும் இரவும் இரண்டு வேளை. அது போதும். வெளுக்க வைக்கும் சிகிச்சையும் இந்த வயதில் கூடாது. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள கூழ் அறை பெரிதாக இருக்கும், கூச்சம் வந்துவிடும்.

சரி, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளைத் திட்டு, பழுப்புத் திட்டு, உதிரும் எனாமல், ஒரே ஒரு பல் மட்டும் வேறு நிறம் — இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். தண்ணீரில் ஃபுளோரைடு மிஞ்சினாலும் பல்லில் கறை வரும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கடைவாயில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலேயே அங்கே ஒரு பெரிய பல் முளைத்திருக்கும். பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், அதன் எனாமலும் இன்னும் இளசுதான், பள்ளங்களில் சாப்பாடு தங்கிச் சீக்கிரம் சொத்தையாகும். அந்தப் பள்ளங்களை சீலன்ட் என்ற மெல்லிய பூச்சு வைத்து அடைக்கலாமா என்று பல் டாக்டரிடம் கேளுங்கள்.