ஊசி போட்டவுடன் நிற்கும் வலி

கேள்வி: எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக ஒருவர் கிளினிக் நடத்துகிறார். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பார். கையில் காசு இல்லையென்றால் பிறகு வாங்கிக்கொள்வார். அவர் மருத்துவம் படிக்கவே இல்லை, முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அவர் ஊசி போட்டால் என் மாமியாரின் மூட்டுவலி அன்றே நின்றுவிடுகிறது. தொடர்ந்து போகலாமா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போகவேண்டாம், சகோதரி. கூலி வேலைக்குப் போய்விட்டு இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரே கதவு அவருடையதாக இருந்திருக்கலாம். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கனிவாகப் பேசுவது வேறு, மருத்துவம் தெரிந்திருப்பது வேறு.

அன்றே வலி நிற்கிறது என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அது ஸ்டீராய்டு ஊசியாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு வீக்கத்தை விரைவில் அடக்கும். வலிக்கான காரணத்தைத் தொடாது. அளவும் காலமும் அறியாமல் தொடர்ந்து போட்டால் இரத்தச் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், உடல் தானாகச் சுரக்கவேண்டிய ஹார்மோன் குறைந்துபோகும். அந்த நிலையில் ஊசியைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், மாமியாரை உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, எத்தனை மாதங்களாக என்னென்ன ஊசி போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்துச் சீட்டோ, காலி மருந்துக் குப்பியோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அவர் டாக்டர்தானா என்பதை அக்கம்பக்கத்தார் பேச்சை வைத்து முடிவுசெய்ய வேண்டியதில்லை. தகுதிபெற்ற அலோபதி மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு எண் உண்டு. மருந்துச் சீட்டில் அது இருக்கவேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ கொடுத்துச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்பது அவமரியாதை என்று தயங்காதீர்கள். உண்மையான மருத்துவர் அதற்காகக் கோபப்படக் காரணமில்லை.

பதிவு இல்லாமல் அலோபதி மருத்துவம் பார்ப்பது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பெயர் பட்டியலில் இல்லையென்றால் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். தெருவில் பகை வரும் என்று அஞ்சினால், அதே கிளினிக்குக்குப் போய்வந்த இரண்டு மூன்று குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். புகார் எழுதும் வேலை ஒருநாள் தள்ளிப்போகலாம்; ஸ்டான்லிக்குப் போவது மட்டும் நாளைக் காலையே நடக்கட்டும்.