மகன் கொண்டுவந்த மஞ்சள் தேநீர்

கேள்வி: எனக்கு 58 வயது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையும் உண்டு. கெய்ரோவில் வேலை பார்க்கும் மகன் ‘மஞ்சள் தேநீர்’ என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். பார்த்தால் வெந்தயம் போலவே இருக்கிறது. அவனோ தேநீர் என்றே சாதிக்கிறான். மஞ்சள் தேநீர் உடல் எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் என்று படித்தேன். தினமும் குடிக்கலாமா? மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கண் ஏமாறவில்லை, அம்மா. அது வெந்தயமேதான். எகிப்தில் அதற்கு ஹெல்பா என்று பெயர்; மலேசியத் தமிழர்கள் கடையில் ‘ஹல்பா’ என்று கேட்டு வாங்குவதும் இதே அரபுச் சொல்லைத்தான். பழங்கால எகிப்திய மன்னன் தூத்தன்காமன் கல்லறையிலேயே வெந்தயம் கிடைத்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு நாம் வெந்தயக் களி கிண்டுவதைப் போல அங்கே ஹெல்பா காய்ச்சிக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கும்போது அதுவே ‘எகிப்திய மஞ்சள் தேநீர்’ ஆகிவிடுகிறது, விலையும் ஏறிவிடுகிறது.

நீங்கள் படித்தது அநேகமாகச் சீனத்து மஞ்சள் தேயிலையைப் பற்றியதாக இருக்கும். அது நிஜமான தேயிலை. ஹூனான் மாகாணத்து ஜுன்ஷான் தீவில் விளைவது பேர்போனது. வாட்டிய இலையை ஈரமும் சூடும் ஆறுமுன் தாளில் பொதிந்து வைத்து மஞ்சளாக்குவார்கள். பச்சை வாடை போய்விடும். காபியில் இருப்பது போலவே அதிலும் காஃபின் உண்டு. அதைக் குடித்து யாருக்கும் தொந்தி கரைந்து நான் பார்த்ததில்லை.

வெந்தயத்துக்கு வருகிறேன். அதிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழாகி, உணவிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. அந்தக் கூழ் பெரும்பாலும் விதையோடுதான் இருக்கிறது. எகிப்தில் கொதிக்கவைத்து வடிகட்டித் தேன் கலந்து குடிப்பார்கள். ருசிக்குச் சரி, உங்களுக்குச் சரியில்லை. விதையைக் கொட்டிவிட்டுத் தேனைச் சேர்த்தால் மிஞ்சுவது என்ன? ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை முதல் நாள் இரவே ஊறவையுங்கள். மறுநாள் ஒரு தம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் குடித்து விதையையும் மென்று விழுங்குங்கள். கசப்பு பொறுக்காவிட்டால் மோரில் கலக்கலாம். அதற்கு மேல் அளவு கூட்டினால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும்.

நம் ஊர் வழக்கப்படி விடிந்ததும் வெறும் வயிற்றில் குடித்துவிடாதீர்கள். அது தைராய்டு மாத்திரைக்கான நேரம். நார்ச்சத்து கூடவே போனால் மருந்து உடலில் சேர்வது குறையலாம். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே கூடாது. வெந்தயம் உணவு, கிளிமிபிரைடு செய்யும் வேலையை அது செய்யாது. எனக்கு உள்ள பயம் வேறு. இரண்டும் சேர்ந்து, நீங்கள் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே சர்க்கரையைப் பார்த்து எழுதிவைத்து, அந்தத் தாளை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

சில நாளில் வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு காய்ச்சியது போல ஒரு வாசனை வரலாம். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று பதறி வந்தவர்கள் உண்டு. அது வெந்தயத்திலுள்ள சோடோலான் என்ற பொருளின் மணம்.

வீட்டில் மற்றவர்களும் குடிப்பதானால்: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கர்ப்பிணிகளுக்குச் சமையலில் சேரும் அளவு போதும். வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

அந்த விதையை முளைகட்டிப் பச்சையாகத் தின்னவும் வேண்டாம். 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிவாங்கிய ஈ.கோலை தொற்றை ஆராய்ந்தவர்கள், எகிப்திலிருந்து போன வெந்தய விதையில் முளைத்த முளையைத்தான் காரணமாகச் சுட்டினார்கள். கொதிக்கவைத்தால் அந்தக் கிருமி செத்துவிடும்.

பொட்டலம் தீர்ந்ததும் மகனை இன்னொன்று வாங்கிவரச் சொல்லாதீர்கள். உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும்.