நாற்பத்தொரு வயதில் கிளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. சிறுவயதிலிருந்தே எத்துப்பல். இரண்டு வருடமாக மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளியும் விழுந்துவிட்டது. மகளுக்குக் கிளிப் போட அழைத்துப்போன இடத்தில், "உங்களுக்கும் போடலாமே" என்றார்கள். எட்டு மாதத்தில் தம்பி கல்யாணம். அதற்குள் சரியாகிவிடுமா? நல்ல பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டுமா? இந்த வயதில் கிளிப் போட்டால் எல்லாப் பல்லும் ஆடிப்போகும் என்கிறார் மாமியார்.
- வாசகி, திருச்சி

பதில்: தம்பி கல்யாணத்துக்குள் முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பல்லை நாங்கள் இழுத்து நகர்த்துவதில்லை. கம்பி தரும் மெல்லிய அழுத்தத்தில் ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது. அப்படித்தான் பல் இடம் மாறுகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும், அவசரப்படுத்தினால் வேர்தான் பாதிக்கப்படும். எத்துப்பல்லை உள்ளே கொண்டுபோக, கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை எடுத்து இடம் உண்டாக்கினால், அந்த இடமே சுமார் 7 மில்லிமீட்டர். பற்களை வரிசைப்படுத்துவதும் சேர்த்து எல்லாம் முடிய ஒன்றரை முதல் இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எட்டாவது மாதத்தில் கல்யாண போட்டோவில் கம்பியும் தெரியும், பல் எடுத்த இடமும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வார்த்தை "இரண்டு வருடமாக" என்பதுதான். எத்துப்பல் பிறவி அமைப்பு, சரி. ஆனால் நாற்பது வயதுக்கு அருகில் புதிதாக இடைவெளி விழுகிறது என்றால், முதலில் ஈறு நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு குறையும்போது முன்பற்கள் விசிறி மாதிரி விரியும். வலியே இருக்காது. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, வாய் நாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கவேண்டும், எக்ஸ்ரே எடுக்கவேண்டும், சர்க்கரையும் பார்த்துவிடவேண்டும். புண்ணான ஈறோடு கிளிப் போட்டால் இருக்கிற எலும்பும் வேகமாகக் கரையும். ஆக, உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது! ஈறு ஆரோக்கியமாக இருந்தால் நாற்பதில் மட்டுமல்ல, அறுபதிலும் போடலாம். சிகிச்சையின்போது பல் லேசாக ஆடுவது இயல்பு, பிறகு இறுகிவிடும்.

பல்லைப் பிடுங்குவது எல்லோருக்கும் தேவைப்படாது. அது எத்து எவ்வளவு, உதடு எப்படி மூடுகிறது என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு இடைவெளியும் இருப்பதால் அந்த இடமே போதுமா என்று அளந்துதான் சொல்லமுடியும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்று யாராவது ஆரம்பித்தால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு வருவது போன்ற மாற்றம் உங்களுக்கும் வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவளுக்குத் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அந்த வளர்ச்சியையே திருப்பிவிட வாய்ப்புண்டு. உங்களுக்கு மேல்தாடையே முன்னால் இருந்தால், பல்லை நகர்த்திக் கொஞ்சம் மறைக்கலாம், முழுதாக மாற்ற அறுவை சிகிச்சைதான் வழி. எலும்பு குறைந்த இடத்தில் பற்கள் வரிசையானதும், பற்களுக்கு நடுவே ஈறோரத்தில் சின்னக் கருப்பு முக்கோணங்கள் தெரியலாம். இதை முன்பே கேள்விப்படாதவர்கள் கிளிப்பால் வந்த கோளாறு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், பெரியவர்கள் பலர் "அழகா இருக்கணும் டாக்டர்" என்பார்கள். அதை வைத்து நான் எதையும் திட்டமிட முடியாது. "சிரிக்கும்போது கையால் வாயை மூடாமல் இருக்கணும்" என்று சொன்னால் முடியும். உங்களுக்கு உறுத்துவது எத்தா, இடைவெளியா? இடைவெளி மட்டும்தான் என்றால் சிகிச்சை சின்னதாகக்கூட முடியலாம்.

மற்றவை சுருக்கமாக: பல் நிறத்திலும் கிளிப் கிடைக்கிறது. பல்லின்மேல் உறை மாதிரி கழற்றி மாட்டும் அலைனர் என்றால் தினமும் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவேண்டும். முதல் மூன்று நான்கு நாள் வலிக்கும், இட்லியும் தயிர்சாதமும்தான். முறுக்கு, சீடை, கரும்பை மறந்துவிடுங்கள். கிளிப்பைக் கழற்றிய பிறகு, பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் உண்டு, உங்களைப் போன்றவர்களுக்கு அது அநேகமாக ஆயுளுக்கும். போடாவிட்டால் இடைவெளி திரும்ப விழும்.

கிளிப்பைக் கல்யாணம் முடிந்தபிறகு வைத்துக்கொண்டாலும் நஷ்டமில்லை. ஈறு சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த மாதமே ஆரம்பியுங்கள்.