வாசலிலேயே நின்றவர்

வணக்கம்.

என் மகள் படிக்கும் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகப் பெற்றோர் குழுவின் பொறுப்பில் இருக்கிறேன். அவள் வகுப்பில் நாற்பது குடும்பங்கள். நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, ஆண்டு விழா, விளையாட்டு நாள் என்று எதற்கு அழைத்தாலும் வருவது அதே ஏழு பேர். மற்றவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் குறியோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளையின் பள்ளி மீது அவர்களுக்கு அக்கறையே இல்லை. ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று கட்டாயமாக்கி, வராதவர்களைப் பணம் கட்டச் சொன்னால் என்ன? நிதி திரட்டுவது பற்றியும் உங்கள் ஆலோசனை வேண்டும்.

க.

அன்புள்ள க.,

உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. விழா முடிந்து எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் அந்த ஏழு பேரில் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆனால் ‘அக்கறையே இல்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. முப்பத்து மூன்று குடும்பங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரிடமாவது நேரில் பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. நிதி திரட்டுவது பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அது கணக்குத் தெரிந்தவர்களின் வேலை. வராதவர்களைப் பற்றித்தான் நான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் பள்ளி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுவோம். பிள்ளைகளும் கூட வருவார்கள். அவன் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டு மணி நேரமும் பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நிற்பார். நாங்கள் யாரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அறிவிப்பு ஒட்டியிருக்கிறோமே, அது போதும் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் பெருமழைக்கு ஒதுங்கித் தாழ்வாரத்துக்கு வந்தவர், நான் செல்லோடேப் ஒட்டுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். அது மஞ்சளாகி, உரியும்போது தாளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்றார். இளமையில் பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவராம். முதுகு பெயர்ந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். பருத்தித் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டி, அட்டை மடியும் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தார். மேலே கனம் வைத்து, நாளை வரை திறக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த வாரத்திலிருந்து அவரே எங்களுக்கு ஆசிரியர். ஒரு மாதம் கழித்து, ஒட்டி முடித்த புத்தகங்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அவரிடம் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் கூட்டங்கள் எல்லாமே எல்லோர் முன்னிலையிலும் ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவதில்தான் தொடங்கும். அந்தத் தாளுக்குப் பயந்துதான் அவர் இத்தனை நாளும் வெளியில் நின்றிருக்கிறார். பேனாவை நீட்டிய என் கையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. உங்கள் முப்பத்து மூன்று பேரில் ஒருவருக்கு இரவு வேலை இருக்கலாம், இன்னொருவர் படுக்கையில் கிடக்கும் பெரியவரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், வேறொருவருக்குத் தம் பள்ளிக்கூட நாட்களின் அவமானம் இன்னும் ஆறாமல் இருக்கலாம். இதில் எதையும் கட்டைவிரல் குறி சொல்லாது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலையில், பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தின் சுவரில் பெரிய பையன்களோடு ஏறிக்கொண்டிருந்த என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கி, என்னிடம் அழைத்து வந்தவர் அவர்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1988-இல் எழுதியது இதைத்தான். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகுகிறார்கள். அவர்களின் பெற்றோரும் அப்படிப் பழகியிருந்தால் வளையம் மூடிக்கொள்கிறது, எந்தப் பிள்ளையும் தன் வீட்டாரின் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. இதனால் படிப்பு மேம்படும் என்ற எதிர்பார்ப்பை 1999-இல் ஸ்டீபன் மோர்கனும் ஆகெ சோரன்சனும் கணிதத் தேர்ச்சியை வைத்து மறுத்தார்கள். மறுக்கட்டும். மதிப்பெண்ணுக்காக நான் இதைச் சொல்லவில்லை. என் பிள்ளையின் பெயரை இன்னொரு வீட்டுப் பெரியவர் உரிமையோடு கூப்பிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நூலகமும் ஆண்டு விழாவும் அந்தப் பழக்கத்துக்கான சாக்குகள்தாம். நீங்கள் சாக்கைப் பிடித்துக்கொண்டு பழக்கத்தை விட்டுவிட்டீர்கள்.

அதனால்தான் மணிக்கணக்கு வேண்டாம் என்கிறேன். பணம் கட்டி விலகியவர் அதன் பிறகு உங்களுக்கு முகமே காட்ட மாட்டார். கட்ட முடியாதவர் தம் பிள்ளையின் முன் தலைகுனிவார். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945-இல், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூர் மக்கள், படைகள் விட்டுச்சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில், இடிந்த வீடுகளின் செங்கல்லையும் ஆற்று மணலையும் கொண்டுவந்து தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். செய்தி கேட்டு மிதிவண்டியில் அங்கே போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸிதான் பிற்காலத்தில் அந்த நகரின் மழலையர் கல்வியை உலகம் அறியச் செய்தவர். கல் சுமக்கத் தெரிந்தவருக்கும் மணல் அள்ளத் தெரிந்தவருக்கும் அந்தப் பள்ளியில் வேலை இருந்தது. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட வேலை எது? சுவரொட்டி எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், மேடையில் பேசுவதும், படித்து ஓய்வாக இருப்பவர்கள் தங்களுக்காக வகுத்துக்கொண்டவை.

இந்த மாதம் குழுவில் எந்த அழைப்பும் அனுப்பாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். வராதவர்களில் ஒருவரிடம் போய், முதலில் அவருடைய பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். பிறகு அவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.