பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீடு மாறலாமா?

கேள்வி: எங்களுக்கு 6 வயதில் மகள், 3 வயதில் மகன். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் வேறு வீட்டுக்குப் போகிறோம். லீவுக்கு வெளியூர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தோம். வீட்டு வேலையில் அதை விட்டுவிட வேண்டியதாகிவிட்டது. கணவர் வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் வருவார். பகலில் நான் ஒரு பெட்டியில் சாமானை அடுக்கினால், மகன் இன்னொரு பெட்டியைக் கலைத்துக்கொண்டிருக்கிறான். நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கமும் அவனுக்குத் திரும்ப வந்துவிட்டது. மகளோ, "நான் வரல, நீங்க மட்டும் போங்க" என்கிறாள். நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறேன். ராத்திரி இரண்டும் தூங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. "எல்லாம் முடிகிறவரை பிள்ளைகளை என்கிட்ட விடு" என்கிறார் என் அம்மா. ஒரு மாதம் அங்கே விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அம்மாவின் உதவியை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் ஒரு மாதம் என்பது அதிகம். லாரி வரும் நாளுக்கும், வேண்டுமானால் அதற்கு முந்தைய நாளுக்கும் கேளுங்கள். அதைவிட நல்லது, அவரால் முடிந்தால் உங்கள் வீட்டுக்கே வந்து இருக்கச் சொல்வது.

ஏன் என்று உங்கள் மகன் பக்கத்திலிருந்து பாருங்கள். பாட்டி வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தால் வீடு இல்லை. அவன் கட்டில் வேறு எங்கோ கிடக்கிறது, கதவு வேறு பக்கம் திறக்கிறது, பழைய ஜன்னலைக் காணோம். நடுவில் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த வயதில் அடுத்தடுத்து நடக்கும் இரண்டு விஷயங்களை ஒன்றால் இன்னொன்று வந்ததாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பாட்டி வீட்டுக்குப் போனதால்தான் வீடு போய்விட்டது என்று அவன் முடிவு கட்டிவிட்டால், அடுத்த முறை பாட்டி வீடு என்றாலே உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுவான். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க வீடு மாறட்டும். உங்களுக்கு இது கூடுதல் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது படும் தொல்லை, போன பிறகு படப்போகும் தொல்லையைக் குறைக்கும்.

அவன் பெட்டியைக் கலைக்கிறான் என்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் சோதித்துப் பார்க்கிறான் என்றுதான் தோன்றுகிறது. நேற்றுவரை ஷெல்ஃபில் இருந்த பொம்மை கார் ஒரு பெட்டிக்குள் போகிறது, டேப் ஒட்டுகிறீர்கள், அப்புறம் அதைப் பார்க்க முடிவதில்லை. உள்ளே இருக்கிறதா, இல்லையா? திறந்து பார்க்காமல் அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு அட்டைப்பெட்டியை அவனுக்கென்றே கொடுத்துவிடுங்கள். அதற்கு டேப் போடவே வேண்டாம். நாளைக்குப் பத்து முறை நிரப்பட்டும், கொட்டட்டும். கடைசி நாளில் அது லாரியில் ஏறாமல் உங்களோடு வரட்டும். மற்ற பெட்டிகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று மகளை வெளியே மார்க்கரால் படம் வரையச் சொல்லுங்கள். தம்பிக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கார் படம் தெரியும். அவளுக்கும் கொஞ்ச நேரம் வேலை இருக்கும்.

இன்னொன்று. வீடு மாறும்போது பழைய பொம்மைகளைக் கழித்துக்கட்டலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பிள்ளைகள் தூங்கும்போது ஒரு பையில் போட்டு வெளியேற்றிவிடும் வேலையை இந்த மூன்று வாரத்தில் செய்யவே செய்யாதீர்கள். சக்கரம் போன வண்டியாக இருந்தாலும் கூடவே வரட்டும். புது வீடு பழகிய பிறகு, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிரித்துக்கொள்ளலாம். எல்லாப் பொருளும் நம்மோடு வருகிறது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இன்னொரு பக்கம் ஒன்றைக் காணாமல் அடித்தால், உங்கள் பேச்சை அவன் எப்படி நம்புவான்?

படுக்கை நனைவதற்கு வருவோம். பழகிய ஒழுங்கு குலையும்போது சின்னப் பிள்ளைகள் ஒரு படி பின்னால் போவது சகஜம். சிலர் விரல் சூப்புவார்கள், சிலர் மழலை பேசுவார்கள், சிலர் இடுப்பை விட்டு இறங்கமாட்டார்கள். திட்டவும் வேண்டாம், "இவ்ளோ பெரிய பையன்" என்று மானத்தை வாங்கவும் வேண்டாம். மெத்தைக்கு மேல் நனையாத விரிப்பு ஒன்றைப் போட்டு, மாற்று உடையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, அரைத்தூக்கத்திலேயே மாற்றிவிட்டுப் படுக்க வையுங்கள். அக்கா கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். சிறுநீர் கழிக்கும்போது வலி, காய்ச்சல், ஓயாத தாகம், பகலிலும் அடிக்கடி போவது என்று ஏதாவது இருந்தால், வீட்டு மாற்றத்தின் மேல் பழியைப் போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புது வீட்டில் நிலைபெற்றுச் சில வாரங்கள் ஆகியும் நிற்காவிட்டாலும் காட்டுவதுதான் சரி. தனிக்கட்டிலில் படுக்க வைப்பது, சூப்பானை நிறுத்துவது மாதிரி வேறு திட்டம் ஏதும் கையில் இருந்தால், அதையெல்லாம் தள்ளிப்போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

மூன்று வாரம் என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. அவனிடம் கடைசி வாரத்தில் சொல்லத் தொடங்கினால் போதும்: "இன்னும் அஞ்சு ராத்திரி தூங்கி எழுந்தா புது வீடு." மகளுக்குக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். தினமும் ஒரு நாளை அவளே அடிக்கட்டும்.

அவள் "நான் வரல" என்பதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் நாமெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "புது வீடு எவ்ளோ பெருசு தெரியுமா?" அவள் வீட்டின் அளவைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இந்த வீட்டுல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மாடியில் இருக்கும் தோழியாக இருக்கலாம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும் சந்தாகக்கூட இருக்கலாம். தோழி என்றால், போன பிறகு எப்போது பார்ப்பது, போனில் எப்போது பேசுவது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சந்து என்றால், புது வீட்டில் பீரோவைச் சுவரிலிருந்து அதே அளவு தள்ளி வைப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? கட்டிலை நகர்த்தும்போது பின்சுவரில் பழைய கிறுக்கல்கள் கட்டாயம் தெரியவரும். துடைப்பதற்கு முன் அவளைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும். வீட்டை விட்டுப் போகும்போது பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கிறது, அவள் 6 வயதுக் குழந்தை.

அவளிடம் கருத்துக் கேளுங்கள், ஆனால் கேட்டால் அதன்படி செய்யுங்கள். "போகலாமா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும் இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம், எந்தத் தட்டில் யாருடைய புத்தகம் என்பது மாதிரி நிஜமாகவே அவள் முடிவு செய்யக்கூடியவற்றை விடுங்கள். ஜன்னலை ஒட்டி மட்டும் கட்டில் வேண்டாம், தம்பி ஏறுவான்.

இப்போது லீவு. நீங்கள் ரொம்ப வருத்தப்படுவது இதற்காகத்தான் என்று தெரிகிறது. எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. பயணம் இல்லை என்பதை மகளிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். கையில் தேதி இல்லாமல் அடுத்த லீவுக்கென்று வாக்கும் கொடுக்காதீர்கள். பயணம் நின்றதை அவள் இரண்டு நாளில் மறந்துவிடுவாள். அவளைப் படுத்துவது வேறு. பள்ளி கொடுத்துவந்த நேர ஒழுங்கு லீவு விட்டதும் போயிற்று, வீடு கொடுத்துவந்த ஒழுங்கு பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் எந்தப் பிள்ளையும் நச்சரிக்கத்தான் செய்யும். அதனால் மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம். மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். 3 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், 6 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். ராத்திரி பேக்கிங் சத்தத்தில் அது குறைந்தால் மறுநாள் சாயங்காலம் நீங்கள்தான் அனுபவிப்பீர்கள். டிவி, மொபைல் விஷயத்தில், 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. பேக்கிங் நாட்களில் ஒரிரு நாள் அது கூடிப்போனால் குடி முழுகிவிடாது. படுக்கும் நேரத்துக்கு முன்னால் அணைத்துவிடுங்கள், அது போதும்.

பகல் முழுக்க அடுக்கலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். காலையில் ஒரு மணி நேரம், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, உடையாத சாமான்களை மட்டும் அடுக்குங்கள். சாயங்காலம் அவர்களை எங்காவது திறந்தவெளிக்கு ஓடவிட்டுக் கூட்டிவாருங்கள். மீதி உங்கள் கணவருடையது. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று அவரிடம் கேட்காதீர்கள். உதவி என்று சொன்னாலே வேலை உங்களுடையது என்று ஆகிவிடும். புத்தகம், மின்சாதனம், கண்ணாடிச் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வார விடுமுறையில் ஒரு முழு நாள் அவர் வீட்டில் அடுக்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு வெளியே போங்கள். அடுத்த வாரம் அவர் கூட்டிப்போகட்டும். நீங்கள் கத்துவது பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு, கத்திய அன்றே "அம்மா களைச்சுப்போய்க் கத்திட்டேன், உன் மேல தப்பில்ல" என்று ஒரு வரி சொன்னால் போதும். ராத்திரி உட்கார்ந்து அழவேண்டியதில்லை.

போவதற்கு முன் ஒரிரு முறை புது வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். காலி அறையில் ஓடட்டும், எதிரொலி கேட்கக் கத்தட்டும், தரையில் உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும். கழிவறை எங்கே இருக்கிறது என்று மகனுக்குக் காட்டுங்கள். பிள்ளைகள் ஓடும்போது உங்கள் கண் வேறு இடத்தில் இருக்கட்டும். குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாள் அவன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா? இருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது மேலே ஏற்றிவிடுங்கள். பீரோ, புத்தக அலமாரி, டிவி ஆகியவற்றைச் சுவரோடு பிணைக்க இடம் பார்த்து வையுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் வயது அவனுக்கு. பிணைக்காத அலமாரி அவன் மேலேயே சாயும்.

லாரி வரும் நாளில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்பது ஒன்றுதான். ஒரு பெரியவர் பிள்ளையை மட்டுமே பார்க்க வேண்டும், வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கும், லாரி பின்னால் வரும், எல்லோரும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பார்கள். மருந்து, கத்தி, கழுவும் திரவங்கள் எல்லாம் தனிப் பெட்டியில், டேப் ஒட்டி, உயரத்தில். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி கழன்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தரை கழுவ நிரப்பிய வாளியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போகாதீர்கள். சில அங்குலத் தண்ணீரிலேயே சின்னப் பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும். அன்றைக்கு மகனைப் பாட்டியிடம் விடுங்கள். மகள் விரும்பினால் உங்களோடு இருக்கட்டும். போவதற்கு முன் அவனைக் காலியாகிவரும் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய், "கட்டில் லாரியில வருது, நீ பாட்டியோட வர, அம்மா அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் இரவுக்குள் புது வீட்டுக்கு அவன் வந்துவிட வேண்டும்.

புது வீட்டில் முதலில் போடவேண்டியது பிள்ளைகளின் கட்டில்தான். அடுப்படி மறுநாள்வரை காத்திருக்கும். கட்டிலுக்கு அதே பழைய விரிப்பு, அதே தலையணை. வீடு புதுசாயிற்றே என்று துவைத்துப் போடாதீர்கள், அந்த வாசனை அவனுக்கு வேண்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

பள்ளியும் மாறுகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. மாறுகிறது என்றால், லீவு முடிய ஒரு வாரமாவது இருக்கும்போதே குடியேறிவிடப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளி வாசல்வரை மகளைச் சும்மா நடத்திக் கூட்டிப்போய்வாருங்கள். பள்ளிச் சான்றிதழ்கள், இருவருடைய பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் லாரியில் ஏறவேண்டாம், உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.