அப்பாவின் சுங்கானும் நாக்கு எரிச்சலும்

கேள்வி: எனக்கு 51 வயது. ஹட்டன் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். தோட்டத்துக் கிளாக்கராக இருந்த அப்பாவின் மரச் சுங்கானை (புகையிலை பிடிக்கும் பைப்) பொழுதுபோக்காகப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். புகையை உள்ளே இழுப்பதில்லை. ஆனாலும் நாக்கு எரிகிறது, அடிக்கடி அணைகிறது, பூஞ்சண வாடையும் வருகிறது. யாழ்ப்பாணப் புகையிலை போடலாமா? வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு.

பதில்: ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. சுருட்டுப் பிடித்த பாட்டிகளைக் காணாதவர்களா நாம்!

நாக்கு எரிவதற்கும் நெருப்பு அணைவதற்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். ஈரப் புகையிலையில் நெருப்பு நிற்காது. அது அணையாமலிருக்க வேகமாக இழுப்பீர்கள், அப்போது கிளம்பும் சூடான ஆவி நாக்கைச் சுடும். ஹட்டன் மழையில் எதுவும் தானாகக் காயாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேண்டிய அளவை மட்டும் எடுத்து, அடுப்படிச் சூட்டில் ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். விரலால் அழுத்தினால் கட்டியாக ஒட்டவும் கூடாது, தூளாக நொறுங்கவும் கூடாது. மிச்சம் இறுக்கமாக மூடிய கண்ணாடிப் போத்தலில் இருக்கட்டும்.

நிரப்பும்போது அடியில் தளர்வாக, மேலே வர வரக் கொஞ்சம் அழுத்தமாக. பற்றவைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பாருங்கள், ஸ்ட்ரோவில் இளநீர் குடிப்பது போல இலேசான தடை தெரிந்தால் போதும். தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகே கிட்டக் கொண்டுபோங்கள். முதல் நெருப்பில் புகையிலை மேலெழும். மெதுவாக அழுத்திவிட்டு மறுபடி பற்றவையுங்கள். அப்புறம் நிதானமாக இழுங்கள். அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைப்பதில் குற்றமில்லை.

பழைய மரச் சுங்கான்கள் பெரும்பாலும் பிரையர். மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் வேர்க்கட்டி அது. தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உள்ளே படிந்த பழைய கரியைச் சுரண்டி எடுத்து, புகைக்குழாயை வொட்காவில் நனைத்த பஞ்சுக் கம்பியால் துடையுங்கள். ஆறிய பிறகுதான் தண்டைக் கழற்ற வேண்டும், சூட்டில் கழற்றினால் பொருத்துமிடம் வெடிக்கலாம். ஒருமுறை பிடித்தால் ஒரு நாள் காய விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் பூஞ்சண வாடை போகவில்லையா? அப்பா ஞாபகமாக அலுமாரியில் வைத்துவிடுங்கள், வாயில் வேண்டாம்.

யாழ்ப்பாணப் புகையிலை சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் போகிற காரமான சரக்கு. பழகாதவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும்.

உள்ளே இழுக்காததால் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தால் அது சரியில்லை. சுங்கான் புகை காரத்தன்மை கொண்டது, அதனால் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். பழக்கம் பிடிப்பதும் அப்படித்தான். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் இது காரணமாகும். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2003இல் அறிவித்துவிட்டது. சுங்கானும் வெற்றிலையும் ஒரே வாயில் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. ஆரம்பிக்காமலே இருப்பதுதான் மேல். பிடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வெற்றிலையை விடுங்கள். எப்போதாவது மட்டும், வீட்டுக்குள் வேண்டாம், இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்). லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் யோசியுங்கள்.

வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு, ஆறாத புண் என்று எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.