புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு உணவு போய்ச்சேர ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

கிடங்கில் அரிசி இருக்கிறது, கப்பலும் இருக்கிறது, பிறகு என்ன தாமதம் என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை நவா ஷேவா துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறேன். சிக்கல் பெரும்பாலும் கடலில் இல்லை, கரையில்தான். அங்கே 7,000-க்கும் மேல் தீவுகள், பெரிய கப்பல் அணையும் துறைமுகம் சிலவற்றில்தான் உண்டு, மற்ற இடங்களுக்கு லாரியே நேராக ஏறி இறங்கும் ரோரோ கப்பல், அப்புறம் சின்னப் படகு என்று ஒரு மூட்டை நாலைந்து கை மாறவேண்டும். 2013 நவம்பரில் ஹையான் புயல் அடித்தபோது அங்குள்ள டாக்லோபான் நகரின் விமான நிலையமே சிதைந்துபோனது, சாலையெல்லாம் மரமும் இடிபாடும், மூட்டை இறக்க வேண்டிய ஆட்களே வீடிழந்து நின்றார்கள்.

இன்னொன்று, முதல் சில நாட்களுக்கு அரிசி உதவாது. 2005 ஜூலை வெள்ளத்தில் தாராவியில் எங்கள் வீட்டுக்கு யாரோ ஐந்து கிலோ அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்டவ் தண்ணீருக்குள் கிடந்தது, குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை. அம்மா அந்தப் பையைப் பரண்மேல் வைத்துவிட்டு எங்களுக்கு பிஸ்கட்டைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இப்படிப்பட்ட நேரத்தில் சமைக்கத் தேவையில்லாத சத்து பிஸ்கட்டை இறக்குவது இதற்காகத்தான். என்னைக் கேட்டால், புயல் பருவத்துக்கு முன்பே ஒவ்வொரு வட்டாரத்திலும் மேடான இடத்தில் உணவை இருப்பு வைத்துவிட வேண்டும், அதைவிட வேகமான கப்பல் கிடையாது.